ரயில் காரிடரில் எங்கே நடக்கலாம், எங்கே சைக்கிள் ஓட்டலாம், மழைக்குப் பின் எதைத் தவிர்க்கலாம்

சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் பக்கம் புதிதாகக் குடிவந்திருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பாவுக்கு முழங்கால் வலி, ஆனாலும் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஏழு வயது மகன் இப்போதுதான் துணைச் சக்கரங்களைக் கழற்றிவிட்டு ஓட்டுகிறான். எனக்கு ஒரு ரோடு பைக் வாங்கியிருக்கிறேன். வீட்டுக்குப் பக்கத்திலேயே ரயில் காரிடர் போகிறது. மூவரும் அதில் ஒன்றாகப் போகலாமா? பாதை எப்படி இருக்கிறது?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இந்தப் பாதை நல்லது. ஆனால் உங்கள் வீட்டுப் பக்கத்துத் துண்டைவிட புக்கிட் தீமா துண்டுதான் அவருக்குப் பொருந்தும். பையனுக்கு, மழை பெய்யாத நாளில் சரி. உங்கள் ரோடு பைக்குக்கு இது ஏற்ற இடம் இல்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன். ஏன் இப்படி என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை நீங்களே வானத்தையும் பாதையையும் பார்த்து முடிவு செய்துகொள்ளலாம். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ரயில் காரிடர் பூங்காவாகத் திட்டமிட்டுப் போட்ட பாதை அல்ல. மலாயா ரயில்வேயின் பழைய தடம் அது. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர். 2011 ஜூன் 30 இரவு தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயில் கிளம்பியது. மலேசியாவின் ஜொகூர் மாநிலச் சுல்தானே அதை ஓட்டிக்கொண்டு போனார். மறுநாள் நிலம் மலேசியாவிடமிருந்து சிங்கப்பூர் கைக்கு வந்தது. தண்டவாளங்களும் கட்டைகளும் கழற்றப்பட்டன. அதற்கு முந்தைய ஆண்டே சிங்கப்பூர் இயற்கைக் கழகம் ஒரு கோரிக்கை வைத்திருந்தது: இந்த நிலத்தைத் துண்டு துண்டாக விற்காமல் தெற்கிலிருந்து வடக்கு வரை ஒரே பசுமைத் தடமாக விட்டுவிட வேண்டும் என்று. அன்று அந்தக் குரல் எழாமல் போயிருந்தால் இன்று நாம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். இந்த நெருக்கடியான தீவில் 24 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு நிலத்தைக் கட்டடம் எழுப்பாமல் விட்டுவைத்தது சாதாரண முடிவு அல்ல.

ரயிலுக்காகப் போட்ட தடம் என்பதால் சில குணங்கள் அதில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. ரயில் செங்குத்தாக ஏறாது. ஆகவே புக்கிட் தீமா குன்றின் அடிவாரத்தில்கூடப் பாதை ஏறுவதே தெரியாது. உங்கள் அப்பாவின் முழங்காலுக்கு இதுதான் பெரிய வரம். பக்கத்தில் இருக்கும் எந்த இயற்கைப் பூங்காவிலும் படிகள் இருக்கும், இறக்கம் இருக்கும்; மூட்டு வலிக்காரர்களை ஏற்றத்தைவிட இறக்கம்தான் அதிகம் படுத்தும். காரிடரில் அந்தக் கவலை இல்லை.

இன்னொரு குணம் ஈரம். ரயில் தடத்தைச் சமமாக வைக்க, பள்ளமான இடத்தில் மண்ணைக் கொட்டிக் கரை எழுப்பினார்கள். மேடான இடத்தில் மண்ணை வெட்டி வழி விட்டார்கள். கரைமேல் போகும் இடங்களில் தண்ணீர் இரு பக்கமும் வழிந்து ஓடிவிடும், வெயில் அடித்தால் சீக்கிரம் காயும். வெட்டிய இடங்களில் இரு பக்க மேட்டுத் தண்ணீரும் பாதைக்குத்தான் வரும். மரங்கள் மேலே கூடாரம் கட்டியிருப்பதால் வெயிலும் இறங்காது. ஒரே மழை, ஒரே நாள். ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் ஒரு பக்கம் உலர்ந்தும் இன்னொரு பக்கம் சேறாகவும் இருப்பது இதனால்தான். பாதை எப்படி இருக்கிறது என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காததும் இதனால்தான்.

இனி துண்டு துண்டாகப் பார்ப்போம். தெற்கு முனையில் தஞ்சோங் பகார் நிலையம் 2016 இறுதியிலேயே கேன்டோன்மென்ட் எம்ஆர்டி (நகர ரயில்) நிலையக் கட்டுமானத்துக்காக மூடப்பட்டது. அதனால் நடக்கிறவர்கள் ஸ்பூனர் ரோட்டிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். ரயில்வே ஊழியர்கள் குடியிருந்த அடுக்குமாடிகள் அங்கேதான் இருந்தன. ஸ்பூனர் ரோட்டிலிருந்து புக்கிட் தீமா ரயில் நிலையம் வரை 10 கிலோமீட்டர். இந்தத் தெற்குத் துண்டும், நிலையத்திலிருந்து ஹில்வியூ வரையிலான 4 கிலோமீட்டர் நடுத்துண்டும் 2021இல் சீரமைத்துத் திறக்கப்பட்டன. ஹில்வியூவிலிருந்து கிராஞ்சி வரையிலான வடக்குத் துண்டு அதற்குப் பிறகு சேர்ந்தது. இப்போது ஸ்பூனர் ரோடு முதல் கிராஞ்சி வரை ஏறக்குறைய 21 கிலோமீட்டர் தொடர்ச்சியாகப் போக முடியும்.

தெற்குத் துண்டு உங்கள் வாசல். புக்கிட் மேராவிலிருந்து குவீன்ஸ்வே, புவன விஸ்தா வழியாக ஹாலந்து ரோடு வரை வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) கட்டடங்களின் முதுகுப் பக்கமாகவே பாதை போகும். காலையில் தாத்தா பாட்டிகள், மாலையில் வேலை முடிந்து ஓட வருபவர்கள், நாயைக் கூட்டிவருபவர்கள் என்று நாளெல்லாம் ஆள் நடமாட்டம் உண்டு. மண்ணும் சரளையும் கலந்து இறுக்கிய பாதை, ஓரமெல்லாம் புல். ஆள் அதிகம் நடப்பதால் நடுவில் புல் தேய்ந்து குழி விழும், அந்தக் குழியில் தண்ணீர் தேங்கும், தேங்கிய தண்ணீரைச் சுற்றிப் போகிறவர்கள் ஓரப் புல்லையும் மிதித்து அழிப்பார்கள், பாதை அகலமாகிக்கொண்டே போகும். பராமரிப்பு ஊழியர்கள் சரளை கொட்டிச் சரிசெய்வதைப் பார்க்கலாம். நல்ல மழைக்காலம் ஒன்று வந்தால் மறுபடியும் அதே இடத்தில் குழி விழும். புவன விஸ்தாவில் மேம்பாலத்துக்கு அடியில் சுவரோவியங்கள் உள்ள பகுதி நிழலாகவும் நன்றாகவும் இருக்கும். பையனுக்கு அந்த இடம் நிச்சயம் பிடிக்கும்.

இந்தப் பகுதியில் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று உண்டு. கமன்வெல்த் டிரைவில் இருக்கும் ஸ்ரீ முனீஸ்வரன் கோயில், 1932இல் தண்டவாள ஓரத்தில் ரயில்வே தொழிலாளர்கள் வைத்துக் கும்பிட்ட சின்ன வழிபாட்டிடமாகத் தொடங்கியது. பிறகு சாலை அகலமானபோது இடம் மாறி, வளர்ந்து, இன்றைய பெரிய கோயிலாக நிற்கிறது. அதே ஆண்டில்தான் தஞ்சோங் பகார் நிலையமும் திறந்தது. புக்கிட் தீமாவிலிருந்து தெற்கே வரும் இந்தத் தடமும் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்தது. தண்டவாளம் போட்டு, சரளை அள்ளிக் கொட்டி, கட்டையை மாற்றி இதைக் காத்தவர்களில் தமிழர்களும் இருந்தார்கள் என்பதற்கு இந்தக் கோயிலைவிட வேறு சாட்சி தேவையில்லை. அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை மாலை நடைக்கு ஓர் இலக்கு வேண்டுமென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் கும்பிட்டுவிட்டுக் காரிடரில் இறங்கிப் புவன விஸ்தா எம்ஆர்டி வரை நடப்பது அவருக்கு அளவான தூரம். அங்கிருந்து ரயிலிலோ பேருந்திலோ வீடு திரும்பிவிடலாம்.

ஆனால் வாரத்துக்கு ஒரு முறை நிதானமாக, நீண்ட நேரம் நடக்க வேண்டுமென்றால் அவரை நடுத்துண்டுக்கு அழைத்துப் போங்கள். எம்ஆர்டியின் டவுன்டவுன் லைனில் கிங் ஆல்பர்ட் பார்க் நிலையத்தில் இறங்கினால் புக்கிட் தீமா சாலைக்குக் குறுக்கே போகும் இரும்புப் பாலம் கண்ணில் படும். அதன் தெற்கு முனைக்கு அருகில் பழைய புக்கிட் தீமா ரயில் நிலையம். 1932இல் கட்டிய சின்னச் செங்கல் கட்டடம். சீரமைத்து 2022 ஜூலையில் மறுபடி திறந்தார்கள். கழிப்பறை உண்டு, உட்கார இடம் உண்டு, சுற்றிலும் சமமான புல்வெளி. காரிடர் முழுவதிலும் முதியவர்களுக்கு இவ்வளவு வசதியான இடம் வேறில்லை. அங்கிருந்து வடக்கே நடந்தால் மூன்று கிலோமீட்டர் போல வந்ததும் அப்பர் புக்கிட் தீமா சாலைக்கு மேலே இரண்டாவது இரும்புப் பாலம். கீழே இறங்கினால் ரயில் மால் கடைகள். சாப்பிட்டுவிட்டு ஹியூம் எம்ஆர்டியில் ஏறிவிடலாம். 2025 பிப்ரவரியில் அந்த நிலையம் திறந்த பிறகு இந்த நடை முதியவர்களுக்கு எவ்வளவோ எளிதாகிவிட்டது. முன்பெல்லாம் இங்கே வந்து களைத்துப்போனால் பேருந்துக்காக வெயிலில் நிற்க வேண்டும். ரயில் மாலுக்கு எதிர்ப்பக்கம் பழைய ஃபோர்டு தொழிற்சாலை. 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் படை ஜப்பானியரிடம் சரணடைந்து கையெழுத்திட்ட இடம். அப்பாவுக்கு வரலாற்றில் ஆர்வம் இருந்தால் குளிரூட்டிய அறையில் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்து எழலாம்.

நடுத்துண்டின் குறையையும் சொல்லிவிட வேண்டும். ஹிந்தேடே ரோட்டுப் பக்கம் குன்றுக்கும் சாலைக்கும் நடுவே மண்ணை வெட்டிப் போன இடம் அது. பகலிலும் பாதி இருட்டாக இருக்கும். மழை பெய்து ஒரு முழு நாள் ஆனாலும் பாசியும் ஈரமும் போகாது. அழகும் அதே இடத்தில்தான். கல்லில் கால் வைக்காமல் சரளைமேல் வைத்து நடக்கச் சொல்லுங்கள். தேய்ந்துபோன அடியுள்ள ரப்பர் செருப்பு வேண்டாம், அடிப்பகுதி பிடிமானமுள்ள காலணி வேண்டும். ஊன்றுகோல் வைத்திருப்பவராக இருந்தால் அடியில் புது ரப்பர் முனை போட்டுவிடுங்கள்.

வடக்குத் துண்டை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். புக்கிட் பாஞ்சாங் தாண்டியதும் மரநிழல் குறைந்து திறந்தவெளி வந்துவிடும். ஒரு பக்கம் சுங்கை காடுட் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் பெருஞ்சாலைச் சத்தம். தூரமாகப் போகப் பிடிக்கிறவர்களுக்கு அதுவும் ஒரு சுகம். காலை ஒன்பது மணிக்கு மேல் முதியவரையும் குழந்தையையும் அங்கே கூட்டிப் போவது கொடுமை. ஒரு நாள் நீங்கள் மட்டும் போய்வாருங்கள். கிராஞ்சியில் முடித்ததும் பக்கத்தில் இருக்கும் போர் நினைவிடத்துக்கு நடந்து போங்கள். கல்லறைகளுக்கு மேலே தூண்களில் பெயர்கள் செதுக்கியிருப்பார்கள். உடல் தகனம் செய்யப்பட்ட ஏறக்குறைய 800 பேருக்கென்று தனி நினைவுச்சின்னம் ஒன்றும் அங்கே உண்டு. அவர்களில் பெரும்பாலோர் பிரிக்கப்படாத இந்தியாவின் படைவீரர்கள். நம்மவர்கள் அந்த மேட்டுக்கு அதிகம் போவதில்லை. போக வேண்டும்.

மழைக்கு வருவோம். சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை, ஏறக்குறைய 170 நாள் மழை நாள். அதாவது பாதை முழுதும் காய்ந்திருக்கும் நாள் என்று காத்திருந்தால் ஆண்டில் பாதி போய்விடும். டிசம்பரிலும் ஜனவரி தொடக்கத்திலும் வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும். அந்த வாரங்களில் காரிடரின் பள்ளமான இடங்களை மறந்துவிடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து காற்றோடு மழை வந்து இரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அப்படிப்பட்ட நாளில் காலை நடையை மாலைக்கு மாற்றினால் கரைமேல் போகும் இடங்கள் ஓரளவு உலர்ந்திருக்கும். என் கணக்கு இதுதான்: பலத்த மழை என்றால் வெட்டிய பகுதிக்கு ஒன்றரை நாள், கரைப் பகுதிக்கு அரை நாள் விட்டுப் போவது.

சேற்றைவிட ஆபத்தானவை மின்னலும் மரக்கிளையும். உலகத்தில் மின்னல் அதிகம் விழும் இடங்களில் இந்தத் தீவும் ஒன்று. காரிடரில் கூரை கிடையாது. ஒரு வெளிவாசலுக்கும் அடுத்த வெளிவாசலுக்கும் இடையே ஒரு கிலோமீட்டர்கூட இருக்கலாம். இடி கேட்டால் அடுத்த வாசலில் வெளியேறிவிட வேண்டும், மரத்தடியில் ஒதுங்கக் கூடாது. தடத்தின் இரு பக்கமும் நிறைய வளர்ந்திருக்கும் அல்பீசியா மரங்கள் வேகமாக உயர்ந்து வளர்பவை, கட்டை பலமில்லாதவை. காற்றில் பெரிய கிளையே முறிந்து விழும். குடைபோல விரிந்து அழகாக நிற்கிறதே என்று அதன் கீழ் உட்கார்ந்து சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள்.

குரங்குகளும் வரும், அதிகமும் நடுத்துண்டில். பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிட்டுப் போனால் உணவு என்று நினைத்துப் பிடுங்கும். முதுகுப்பைக்குள் வைத்துவிட்டால் தொந்தரவில்லை. உணவு போடுவது சட்டப்படிக் குற்றம். அபராதத்துக்குப் பயந்து மட்டுமல்ல, மனிதர் கையை நம்பிப் பழகிய குரங்கு கடைசியில் மனிதராலேயே பிடித்துப் போகப்படும் என்பதற்காகவும் அதைச் செய்யாதீர்கள். உடும்பு ஒதுங்கிப் போய்விடும். காட்டுப்பன்றி குட்டிகளோடு நின்றால் நீங்கள் ஒதுங்கிவிடுங்கள்.

இனி உங்கள் சைக்கிள். ரோடு பைக்கின் டயர் 25 அல்லது 28 மில்லிமீட்டர் இருக்கும், அதில் காற்றைக் கல் மாதிரி அடித்திருப்பீர்கள். சரளையில் அது பிடிமானம் தராது, ஈர மண்ணில் புதையும், நனைந்த கல்லிலும் இரும்புப் பட்டையிலும் வழுக்கும். டயர் 35 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால், காற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, காய்ந்த நாளில் காரிடரில் சுகமாகப் போகலாம். சாதாரணக் கடைச் சைக்கிளும் மடக்கு சைக்கிளும்கூட ரோடு பைக்கைவிட இங்கே பரவாயில்லை. வாடகைச் சைக்கிள் எடுத்துப் போகிறவர்களும் நிறையப் பேர். எடுத்தால், எங்கே நிறுத்தி முடிக்கப்போகிறீர்கள் என்பதைப் புறப்படும் முன்பே பார்த்துவையுங்கள். நிறுத்துமிடத்தில் இருக்கும் குறியீட்டை ஸ்கேன் செய்தால்தான் பயணம் முடியும், காரிடர் நடுவில் அப்படியே சாய்த்துவிட்டு வர முடியாது. சில வாசல்களில் படிகள் உண்டு. தூக்க முடிந்த சைக்கிளாக எடுங்கள்.

ஓட்ட முடிந்தாலும் ஒன்றை மனதில் வையுங்கள். இது நடக்கிறவர்களின் பாதை, சைக்கிளுக்கு அனுமதி உண்டு, அவ்வளவுதான். பல இடங்களில் எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் தோள் உரசும் அகலம். பூங்கா இணைப்புப் பாதைகளிலும் சைக்கிள் தடங்களிலும் மணிக்கு 25 கிலோமீட்டர், நடைபாதையில் 10 கிலோமீட்டர் என்பது சட்டம். காரிடரில் ஆள் தெரியும் தூரத்தில் இருந்தால் 10க்கு மேல் போகாதீர்கள். உங்கள் அப்பா வயதுள்ள ஒருவர் காதில் இயர்போனோடு முன்னால் நடந்துகொண்டிருப்பார். பத்து மீட்டருக்கு முன்பே ஒரு முறை மெதுவாக மணி அடியுங்கள். அவர் நகராவிட்டால் காலை ஊன்றி நில்லுங்கள். மணி அடித்துக்கொண்டே விரட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, அதை மறைக்க மாட்டேன். இருட்டில் ஓட்டினால் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் கட்டாயம். காரிடரின் பெரும்பகுதியில் விளக்குக் கம்பம் கிடையாது. இரவில் நடமாடும் விலங்குகளுக்கு அந்த இருட்டு வேண்டும். இங்கே விடிவதே ஏழு மணிக்குத்தான். ஊர்ப் பழக்கத்தில் ஐந்தரைக்குக் கிளம்பினால் ஒன்றரை மணி நேரம் இருட்டில் தடவ வேண்டியிருக்கும். அப்பாவிடம் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

மழை பெய்த மறுநாள் சைக்கிள் வேண்டாம் என்று நான் வற்புறுத்துவதற்கு உங்கள் பாதுகாப்பு மட்டும் காரணம் இல்லை. ஈர மண்ணில் டயர் போனால் நீளத் தடம் பதியும். அடுத்தடுத்து வருகிறவர்கள் அதே தடத்தில் விட்டு ஆழமாக்குவார்கள். இரண்டு நாள் வெயிலில் அது அப்படியே இறுகிவிடும். நடக்கிறவரின் கால் அந்த விளிம்பில் பட்டால் கணுக்கால் மடங்கும்; முதியவர்களுக்கு ஒரு கணுக்கால் சுளுக்கு என்பது பல வார முடக்கம். பாதையின் நிலை கெடுவதில் பாதி மழையால், மீதி நாம் மழைக்குப் பின் என்ன செய்கிறோம் என்பதால்.

அப்படியானால் முழுக்கக் கான்கிரீட்டோ தாரோ போட்டுவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. குழந்தைத் தள்ளுவண்டியோடு வரும் தாய் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனாலும் நான் அதற்கு எதிரானவன். தீவில் பூங்கா இணைப்புப் பாதைகள் ஏற்கெனவே முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளன, எல்லாம் வழவழப்பாகப் போட்டவை. சைக்கிள் பாதைகளை 2030க்குள் 1,300 கிலோமீட்டருக்குக் கொண்டுபோகவும் திட்டம் இருக்கிறது. மண்ணில் நடக்க மிஞ்சியிருக்கும் நீண்ட சமதளப் பாதை இது ஒன்றுதான். தார் போட்டால் வேகம் வரும், சூடு வரும், மழைத் தண்ணீர் மண்ணில் இறங்காமல் ஓரத்தை அரித்துக்கொண்டு ஓடும். குன்றின் பக்கம் மண் அரிப்பு விளையாட்டு அல்ல. சரிவுகளைச் சீர்செய்வதற்காக புக்கிட் தீமா இயற்கைப் பாதுகாப்புப் பகுதியையே 2014இலிருந்து இரண்டு ஆண்டு மூடிவைத்தார்கள். செய்ய வேண்டியது வேறு: ஓரச் சாக்கடைகளை மழைக்காலத்துக்கு முன்பே தூர்வார வேண்டும். எல்லா முக்கிய வாசல்களிலும் சக்கர நாற்காலி இறங்கும் சரிவுப் பாதை வேண்டும். வெளிவாசல் எத்தனை மீட்டரில் என்று சொல்லும் பலகைகள் இன்னும் நெருக்கமாக வேண்டும். பாதி வழியில் மயக்கம் வந்தவரை எந்தப் பக்கம் அழைத்துப் போவது என்று தெரியாமல் நிற்பதைவிடப் பயங்கரம் வேறில்லை.

ரோடு பைக்குக்கு நான் சொல்லும் வழி கிழக்குக் கடற்கரை. குவீன்ஸ்டவுனிலிருந்து அலெக்சாண்ட்ரா கால்வாய் ஓரப் பூங்காவைப் பிடித்துச் சிங்கப்பூர் ஆற்றுக்கு வந்து, மரினா பே சுற்றி, மரினா அணைக்கட்டைத் தாண்டினால் ஈஸ்ட் கோஸ்ட் பார்க். கடற்கரையோரமாக 15 கிலோமீட்டர்; சைக்கிளுக்கும் நடைக்கும் தனித்தனித் தடம். மரினா ஈஸ்ட் பக்கம் கட்டுமானத்தால் வழி அடிக்கடி மாறும், பலகையைப் பார்த்துத் திரும்புங்கள். வேர் தூக்கிய மேடுகள் அங்கங்கே உண்டு, அவை 25 மில்லிமீட்டர் டயருக்கு நல்லதல்ல. சனி, ஞாயிறு மாலையில் வாடகைச் சைக்கிள் குடும்பங்கள் குறுக்கும் நெடுக்கும் போகும். வேகமாக ஓட்ட அது நேரம் இல்லை. வார நாளில் விடிந்ததும் போனால் சாங்கி வரை ஒரே மூச்சில் போய்வரலாம். 2025 ஜூலை முதல் ஒரு விதியும் உண்டு: சைக்கிள் தடத்தை ஒட்டி நடப்பவர்களுக்கு மட்டும் என்று குறித்த தடம் இருந்தால் அதில் சைக்கிளை ஓட்டக் கூடாது, இறங்கித் தள்ள வேண்டும்.

பையனுக்கும் கிழக்குப் பக்கம்தான் முதல் பாடம். சாங்கி விமான நிலையத்துக்குப் போகும் இணைப்புப் பாதையில் டைனோசர் சிலைகள் வரிசையாக நிற்கும் ஒரு கிலோமீட்டர் இருக்கிறது, 2020இல் திறந்தது. தரை சமம், வண்டிகள் இல்லை. அவன் திரும்பி வர மாட்டேன் என்பான். அங்கே நேராக ஓட்டவும், இரு கை பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்கவும், இடது ஓரத்தில் போகவும் பழகிய பிறகு காரிடருக்குக் கூட்டிவாருங்கள். சரளையில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் வழுக்கிக் கவிழும் என்பதைச் சொல்லிக்கொடுத்துவிட்டு விடுங்கள். காட்டுப் பாதையில் ஓட்ட வேண்டும் என்ற ஆசை பிறகு வந்தால் செஸ்ட்நட் இயற்கைப் பூங்கா இருக்கிறது. 81 ஹெக்டேர், நடக்க 5.6 கிலோமீட்டர், மலைச் சைக்கிளுக்குத் தனியாக 8.2 கிலோமீட்டர். நடப்பவரும் ஓட்டுபவரும் ஒருவர் வழியில் ஒருவர் வராதபடி பிரித்திருக்கிறார்கள். மெக்ரிட்சி காட்டுப் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை, அங்கே நடை மட்டும்தான்.

மூவரும் ஒன்றாகப் போகும் முதல் நாளுக்கு இப்படிச் செய்யுங்கள். முந்தின நாள் மழை இல்லாத ஒரு சனிக்கிழமை. மடக்கு சைக்கிள் இருந்தால் எம்ஆர்டியில் மடக்கி ஏற்றிக்கொள்ளலாம், நாள் முழுக்க அனுமதி உண்டு. முழு அளவுச் சைக்கிளை ஏற்ற விடமாட்டார்கள். பையனின் சின்னச் சைக்கிள் மடங்காது என்றால் வேனிலோ நண்பர் காரிலோ போட்டுக்கொண்டு வாருங்கள். ஏழரைக்கு புக்கிட் தீமா நிலையத்தில் இருங்கள். அப்பா புல்வெளியைச் சுற்றி நிதானமாக நடக்கட்டும். பையன் நிலையத்துக்கும் இரும்புப் பாலத்துக்கும் நடுவே போய்வரட்டும், நீங்கள் பக்கத்திலேயே நடங்கள். எட்டரை மணிக்கு மேல் கூட்டம் சேரும். அதற்குள் அவன் ஆட்டம் முடிந்துவிடும். பிறகு வடக்கே ரயில் மால் வரை நடந்து பசியாறிவிட்டு ஹியூமில் ரயில் ஏறுங்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து, ஒரு பழைய துண்டு போதும். துண்டு செயினிலும் மட்கார்டிலும் ஒட்டிய மண்ணைத் துடைக்க. காயவிட்டால் செயின் துரு பிடிக்கும்.

போகும் வழியில் சாய்ந்த மரம், உடைந்த கைப்பிடி, திறந்து கிடக்கும் சாக்கடை மூடி எதையாவது பார்த்தால் ஒரு படம் எடுத்து பொது இடக் குறைகளைத் தெரிவிக்கும் ஒன்சர்வீஸ் செயலியில் இடத்தோடு அனுப்பிவிடுங்கள். அருகிலுள்ள வாசலின் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். 'காரிடரில் குழி' என்று மட்டும் எழுதினால் 21 கிலோமீட்டரில் எந்தக் குழி என்று தேட வேண்டியிருக்கும்.